அரை சைஸ்

ஓட்டக் குழுவை நடத்துகிற ஹரிஹரசுதன் விசில் ஊதினான். அறுபது எழுபது பேர் ஒரே சமயத்தில் கைக்கடிகாரத்தை அமுக்கினார்கள். வெள்ளிங்கிரியும் அமுக்கினான், ஆனால் கண் கடிகாரத்தில் இல்லை, மூன்று வரிசை முன்னால் நின்றிருந்த தன் மனைவி சாந்தாமணியின் காலில் இருந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட புது ஷூ. நேற்றுச் சாயங்காலம் கிராஸ்கட் ரோட்டில் வாங்கியது. அவள் இடது காலை லேசாகத் தூக்கி முனையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள், உள்ளே விரலைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிற மாதிரி, பிறகு கூட்டத்தோடு கிளம்பிவிட்டாள். இடிக்கிறது. இடிக்காமல் என்ன செய்யும். அரை சைஸ் குறைச்சல். நாலு மில்லிமீட்டர். பம்ப்செட் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறவன் அவன், ஒரு ஷாஃப்ட்டைக் கையில் எடுத்ததுமே இது தேறாது என்று ஒதுக்கி வைக்கிறவன், கம்பெனியில் எல்லாரும் அளவுக்கருவி பேரை வைத்து வெர்னியர் என்றே கூப்பிடுகிறார்கள், அவனுக்குத் தெரியாதா நாலு மில்லிமீட்டர். தெரியும். தெரிந்துதான் சொன்னான். இல்லை, தெரிந்து சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது, கை விரல்நுனியை அமுக்கிப் பார்த்தது, மனசு குறைச்சல் என்றது, வாய் சரியாக இருக்கிறது என்றது, மூன்றும் அவனுடையதுதான், எது அவன் என்று எப்படிச் சொல்வது. ஓடு. மூச்சைப் பார். இரண்டு எட்டுக்கு உள்ளே, இரண்டு எட்டுக்கு வெளியே. ரேஸ்கோர்ஸின் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் இன்னும் பாதி இருட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி. நடைபாதையில் இரண்டு சுற்று, ஐந்து கிலோமீட்டர், யாரும் வரலாம், பரிசு கிடையாது, முடிந்ததும் வாழைப்பழமும் சுக்குக் காப்பியும். பரிசு கிடையாது, இதில் போட்டியே இல்லைங்க சார், நமக்கு நாமதான் போட்டி என்று முதல்நாள் ஹரிஹரசுதன் சொன்னான். சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே எல்லாருடைய நேரத்தையும் வாட்ஸப் குரூப்பில் முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் போட்டான்.

அந்தக் கூட்டத்தில் அவளுக்கு முன்னால் சேர்ந்தவன் வெள்ளிங்கிரிதான், அதை யாரும் மறந்துவிடக் கூடாது, அவன்தான் முதலில் வந்தான், ஒரு வருஷம் முன்னாலேயே. சர்க்கரை என்று டாக்டர் சொன்னார், நடங்க என்றார், நடந்தான், நடக்கும்போது பக்கத்தில் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டு ஓடியது, சேர்ந்துகொண்டான். ஐம்பது வயதில் முதல் தடவை தனக்கென்று ஒன்று. ஆபீசில் சொல்லலாம், மாமனார் வீட்டில் சொல்லலாம், நான் ஞாயித்துக்கிழமை ஓடறனுங்க. ஆரஞ்சு நிறத்தில் ஷூ வாங்கினான், அதைப் பற்றி ஒரு மாதம் படித்துவிட்டு வாங்கினான், குஷன் எவ்வளவு, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு, கால் கட்டைவிரலுக்கு முன்னால் கைப் பெருவிரல் அகலம் இடம் விட வேண்டும், ஓடும்போது பாதம் வீங்கும், எல்லாம் மனப்பாடம். பெருவிரல் அகலம். நேற்று அவள் விரலுக்கு முன்னால் அவன் கை வைத்துப் பார்த்தபோது ஒரு நகம்கூட நுழைய இடமில்லை. சரி விடு. நாற்பத்திரண்டு நிமிஷத்தில் ஆரம்பித்தான், முப்பத்தாறுக்கு வந்தான், முப்பத்துமூன்று நாற்பதில் நின்றுவிட்டது, அதற்குக் கீழே உடம்பு போக மறுத்தது. பரவாயில்லை என்று இருந்தான். பரவாயில்லை என்றுதான் இருந்தான், அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறவரை. மகள் வேலைக்கு ஓசூர் போனபிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து மத்தியானம் முழுக்க சீரியல் பார்க்கிறாளே, கொஞ்சம் காற்றாட வரட்டுமே என்று அவன்தான் கூப்பிட்டான். நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு எதுக்குங்க இதெல்லாம் என்றாள். அவன்தான் வற்புறுத்தினான். மகள் பள்ளிக்கூடத்தில் போட்ட வெள்ளைக் கேன்வாஸ் ஷூ பரண்மேல் கிடந்தது, அதை எடுத்துக் கழுவிப் போட்டுக்கொண்டு, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் குறுக்கே கட்டிக்கொண்டு வந்தாள். அவளோடுகூடவே மெதுவாக ஓட வேண்டும், பாவம் மூச்சு வாங்கும், நடுவில் நடக்கலாம் என்று அவன் திட்டம் போட்டிருந்தான். முதல் சுற்று அவனோடு வந்தாள். பேசிக்கொண்டே வந்தாள். இட்லிக்கு மாவு இருக்கிறது, சட்னிக்குத் தேங்காய்தான் இல்லை என்றாள். அவனுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. இரண்டாவது சுற்றில், ஏனுங்க, கொஞ்சம் முன்னால போய்ப் பாக்கட்டுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் போனாள், அதைச் சொல்ல வேண்டும், எதையும் கேட்காமல் செய்கிறவள் இல்லை. போ போ என்று கை காட்டினான். போனாள். அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. அதற்கப்புறம் ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் அந்த முதுகைத்தான் பார்க்கிறான், முதல் முந்நூறு நானூறு மீட்டர் வரை, பிறகு அதுவும் தெரியாது.

இதோ, இப்போதும் போகிறாள். அந்த வளைவில் திரும்பிவிட்டாள். காலில் ஒன்றும் தெரியவில்லையே, எப்போதும் போலத்தான் போகிறாள், ஒருவேளை நிஜமாகவே சரியாக இருக்கிறதோ, ஒருவேளை அவன் கைதான் தப்பாக அளந்ததோ. அப்படி இருந்தால் நல்லது. அப்படி இருந்தால் அவன் எதுவும் செய்யவில்லை என்று ஆகிவிடும். ஆனால் அப்படி இருந்தால் அவள் இன்றைக்கு இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு வந்துவிடுவாள். இந்த இரண்டில் எது வேண்டும் உனக்கு என்று யாராவது இப்போது கேட்டால் என்ன சொல்வான். அருகம்புல் சாறு விற்கிற வண்டிக்காரர் கை காட்டினார், அவனும் காட்டினான். பக்கவாட்டில் விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. மூச்சை இழுத்து விடு. பின்னாலிருந்து பிலோமினா டீச்சரின் குரல், "மெதுவா, வெள்ளிங்கிரி, மொத ரவுண்டுலயே பறக்காதீங்க." டீச்சருக்கு அறுபத்துமூன்று வயது, ரிட்டயர் ஆகிவிட்டார், ஓட்டமும் நடையுமாகக் கடைசியில் வருவார், எல்லாரையும் விசாரிப்பார். அந்த டீச்சர்தான் ஒருநாள் காப்பி குடிக்கும்போது சாந்தாமணியிடம் கேட்டார், ஏம்மா, உன் ஓட்டத்தைப் பாத்தா புதுசு மாதிரி தெரியலியே, சின்ன வயசுல ஓடியிருக்கியா. ஆமாங் டீச்சர், பத்தாவது படிக்கறப்ப எண்ணூறு மீட்டருங்க, மண்டல அளவுல ரெண்டாவது வந்தனுங்க, அப்புறம் டவுசர் போட்டு ஓடறது எங்கப்பாவுக்குப் புடிக்கலைங்க, நிறுத்திட்டாங்க. சொல்லிவிட்டு வாழைப்பழத்தை உரித்தாள், பால்கார்டு தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி. வெள்ளிங்கிரி பக்கத்தில்தான் நின்றிருந்தான். கையில் பேப்பர் கப். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள், அவனும் அவர்களோடு சேர்ந்து ஆச்சரியப்பட வேண்டியதாயிற்று, இல்லை, முன்பே தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டினான், அதுதான் கேவலம், தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்து கேட்டான். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம் ஆச்சு, சொல்லவே இல்லையே. நீங்க கேக்கவே இல்லைங்களே என்றாள், சண்டையாக இல்லை, நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொல்கிற மாதிரி. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அவளுக்கு உப்பு குறைச்சல் என்று தோன்றியிருக்கும்.

ஒன்றரைக் கிலோமீட்டர். கடிகாரம் மணிக்கட்டில் நடுங்கியது. வேகமாகத்தான் வந்திருக்கிறான், வழக்கத்தைவிட வேகம். இன்றைக்கு ஏன் கால் இப்படிப் போகிறது. நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, சாப்பிட்டதும் சரியில்லை, ஆனாலும் கால் போகிறது. திருடிவிட்டு ஓடுகிறவனுக்கும் இப்படித்தான் கால் போகுமோ. அவன் என்ன திருடினான். ஒரு வார்த்தை. ஷூ நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல கம்பெனி. அவன்தான் தேர்ந்தெடுத்தான், அவன்தான் வாங்கிக் கொடுத்தான், உலகத்தில் எத்தனை பேர் மனைவிக்கு ஷூ வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆனால் வாங்கிக் கொடுக்கச் சொன்னது ஹரிஹரசுதன்தான். போன வாரம், ஓட்டம் முடிந்து எல்லாரும் நிற்கிறபோது, முப்பது வயதுப் பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை, வெள்ளிங்கிரியை சார் என்பான், சாந்தாமணியை அக்கா என்பான், அதுவே ஒரு முள், சார் என்றால் தள்ளி நில் என்று அர்த்தம், அக்கா என்றால் வா என்று அர்த்தம், "சார், அக்காவுக்கு மொதல்ல ஒரு நல்ல ஷூ வாங்கிக் குடுங்க சார், இந்த கேன்வாஸ போட்டுட்டே இருபத்தெட்டு நிமிஷத்துல ஓடறாங்க, நல்ல ஷூ போட்டா இருபத்தஞ்சுக்கு வந்துருவாங்க." எல்லாரும் கை தட்டினார்கள். சாந்தாமணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு. தலையைப் பின்னால் சாய்த்து, பல் முழுக்கத் தெரிய, கழுத்து நரம்பு புடைத்துத் தெரிய. அந்தச் சிரிப்பை அவன் வீட்டில் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தலில் பார்த்ததில்லை, மகள் பிறந்தபோது பார்த்ததில்லை. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள், எந்த டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள், எண்ணூறு மீட்டரை வைத்த அதே இடத்திலா. போன மாதம் மார்க்கெட்டில் யாரோ ஒரு பொம்பளை அவனை உற்றுப் பார்த்துவிட்டு, நீங்க சாந்தாக்கா வீட்டுக்காரருங்களா என்றாள். ஆமாங்க என்றான். ஆமாம், சாந்தாக்கா வீட்டுக்காரர். அவன்தான் முதலில் வந்தவன். அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தவன்.

நேற்றுக் கடையில் எப்படி நடந்தது என்று மறுபடி வரிசையாகப் பார்க்கலாம், வரிசையாகப் பார்த்தால் எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும். போனார்கள். ஏ.சி. குளிரில் சாந்தாமணி முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். கடைக்காரப் பெண், பெயர் அட்டையில் நஸ்ரின் என்று இருந்தது, சாந்தாமணியின் பாதத்தை ஒரு பலகையில் வைத்து அளந்தாள். அஞ்சாம் நம்பர் ஷூவை எடுத்துக்கொண்டு வந்தாள். சாந்தாமணி போட்டுக்கொண்டு கடைக்குள் நாலு எட்டு நடந்தாள், கண்ணாடியில் சேலைக்குக் கீழே ஷூவைப் பார்த்து வெட்கப்பட்டாள். ஓடறதுக்குன்னா அரை சைஸ் பெருசா எடுங்க மேடம், கால் வீங்கும், அஞ்சரை இருக்கான்னு உள்ள பாத்துட்டு வர்றேன் என்று நஸ்ரின் போனாள். அவள் போன அந்த இரண்டு நிமிஷம்தான். அந்த இரண்டு நிமிஷத்தில் சாந்தாமணி பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள், "ஏனுங்க, கொஞ்சம் பாருங்க, முன்னால இடிக்கற மாதிரி இருக்குது. அளவெல்லாம் உங்களுக்குத்தான தெரியும்." அளவெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும். அவன் குனிந்தான். அமுக்கினான். விரல்நுனி அங்கேயே இருந்தது, துணிக்கு அந்தப் பக்கம், உயிரோடு, சூடாக. அப்போது மனசில் என்ன இருந்தது. இருபத்தஞ்சு என்ற எண் இருந்தது. வேறு எதுவும் இல்லை, கோபம்கூட இல்லை, அந்த எண் மட்டும் கடை விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. "சரியாத்தான் இருக்குது. புது ஷூ அப்படித்தான் இடிக்கும். ஓட ஓட விரிஞ்சுக்கும்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள். ஒரு கண்ணிமைப்பு, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. பிறகு, நீங்க சொன்னாச் சரிங்க என்றாள். நஸ்ரின் அஞ்சரையோடு வந்து நின்றாள். அதைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேண்டாம்மா, இதே இருக்கட்டும், அவரு பாத்துட்டாரு என்றாள் சாந்தாமணி. இரும்புச் சாமானில் தப்பு இருந்தால் ரிஜெக்ட் என்று சிவப்பு மை வைக்கலாம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தப்புத் துண்டையும் அவன் வெளியே விட்டதில்லை. நேற்று விட்டான்.

முதல் சுற்று முடிந்தது. ஹரிஹரசுதன் ஓரமாக நின்று நேரத்தைக் கத்தினான், "பதினாறு பத்து, சூப்பர் சார்!" முதல் தடவையாகத் தனக்கு ஒரு சூப்பர். உடம்பில் எங்கோ ஒரு மூலையில் அது இனித்தது, வெட்கம்கெட்ட உடம்பு. சாந்தா எத்தனை நிமிஷத்தில் போனாள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. வெளிச்சம் வந்துவிட்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கிக் கரித்தது. நாய் ஒன்று கூடவே நாலு எட்டு ஓடி வந்துவிட்டு, இவனோடு என்ன என்று நின்றுவிட்டது. மூன்று கிலோமீட்டர். நீளமான நேர்ப்பாதை திறந்தது, அதன் நடுவில், தூரத்தில், மஞ்சள் துப்பட்டா. முதலில் வேறு யாரோ என்று நினைத்தான். இரண்டாவது சுற்றில் அவள் முதுகு அவன் கண்ணுக்குத் தட்டுப்பட்டதே இல்லை, அதனால் அது அவளாக இருக்க முடியாது. பிறகு அவள்தான் என்று தெரிந்தது. தெரிந்த அந்த நொடியில், இதை அவன் யாரிடமும் சொல்லப்போவதில்லை, தன்னிடமே ஒரு தடவைக்கு மேல் சொல்லிக்கொள்ளப் போவதில்லை, அந்த நொடியில் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சுக்குள் ஒரு கதவு அடித்துத் திறந்த மாதிரி. கால் எட்டு நீண்டது. நெருங்குகிறது. மஞ்சள் பெரிதாகிறது. கட்டிய முடிச்சு தெரிகிறது. பின்னல் தெரிகிறது. அதற்கப்புறம்தான் அவள் ஓடுகிற விதம் தெரிந்தது, இடது காலை முழுசாக ஊன்றாமல், பாதத்தின் வெளி ஓரத்தில் வைத்து, வைத்த உடனே எடுத்து, சூட்டுத் தரையில் வெறுங்காலோடு போகிறவள் மாதிரி. ஒவ்வொரு எட்டுக்கும் தோள் ஒரு பக்கம் குலுங்கியது. அவன் வாங்கிக் கொடுத்த நீல ஷூ ஏறி இறங்கி, ஏறி இறங்கி. சந்தோஷம் போய்விட்டதா என்று பார்த்தான். போகவில்லை. அதன்மேல் பயம் வந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான், இரண்டும் சேர்ந்தே ஓடின.

பக்கத்தில் வந்துவிட்டான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். பிரசவத்தன்று அப்படிக் கடித்திருந்தாள், சத்தம் போடாமல், நர்ஸ்கூட ஆச்சரியப்பட்டாள். "என்னாச்சு சாந்தா?" என்றான். அவள் அவனைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, அவன் வந்து சேருவான் என்று தெரிந்தே இருந்தவள் மாதிரி, "ஒண்ணுமில்லைங்க. நீங்க போங்க" என்றாள். "நின்னரலாமா? நடந்து போலாம்." "வேண்டாமுங்க. நான் முடிச்சுருவேன். நீங்க போங்க, நல்லா வந்துட்டிருக்கறீங்க." நல்லா வந்துட்டிருக்கறீங்க. இதை அவள் மனசாரச் சொன்னாள், அல்லது சொல்லவில்லை, இரண்டில் எது என்று அவளோடு இருபத்துநாலு வருஷம் இருந்தவனுக்குத் தெரியவில்லை. இப்போது நிற்கலாம். இப்போது நின்று, உட்கார், ஷூவைக் கழற்று, நான்தான் தப்புச் சொன்னேன் என்று சொல்லலாம். சொல்ல வேண்டிய இடம் இதுதான், இதோ இந்த பெஞ்சு, இதோ இந்த மரம், யாரும் இல்லை. சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் அவளை இரண்டு எட்டுத் தாண்டியிருந்தான். பத்து எட்டு. கால் நிற்கவில்லை. இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர்தான், முடித்துவிட்டுத் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போகலாம், அதுதான் சரி, சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் திரும்பலாம், அவளுக்காகத்தான் வேகமாக ஓடுகிறான், பார், மனசு எவ்வளவு அழகாகக் கணக்குச் சொல்கிறது. முன்னால் யாருடைய முதுகும் இல்லை. ஏழு மாதமாக ஆசைப்பட்டது இதற்குத்தானே, முன்னால் அவள் முதுகு இல்லாத பாதைக்கு. வெறும் பாதை. நடைபாதைக் கல், உதிர்ந்த இலை, யாரோ துப்பிய வெற்றிலை. இவ்வளவுதானா. பின்னால் அவள் வருகிற சத்தம் கேட்கிறதா என்று காது தேடியது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் பட்டும் படாமலும். கேட்கவில்லை. கேட்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் வேகம் குறையும். திரும்பிப் பார்க்கவில்லை.

முப்பத்தொன்று ஐம்பத்திரண்டு. ஹரிஹரசுதன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "சார்! ரெண்டு நிமிஷம் கொறைச்சுட்டீங்க சார்! என்ன சார் சாப்ட்டீங்க?" யாரோ முதுகில் தட்டினார்கள், யாரோ போட்டோ எடுத்தார்கள், வெள்ளிங்கிரி முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். பிறகு அவர்கள் தேடினார்கள். அக்கா எங்க சார், அக்கா இன்னும் வரலியே. வந்துட்டிருக்கறா என்றான். திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தான், ஆனால் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க எந்த முகத்தோடு போவது, போய் என்ன சொல்வது. நின்றான். வாழைப்பழத்தை யாரோ கையில் திணித்தார்கள். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். அவனுக்குப் பின்னால் வழக்கமாக வருகிறவர்கள் எல்லாம் வந்தார்கள், அக்காவுக்குக் கால்ல ஏதோ பிரச்னை போலங்க, புடிச்சுக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டோம், வேண்டான்னுட்டாங்க என்றார்கள். ஆறு நிமிஷம் கழித்து அந்த வளைவில் மஞ்சள் தெரிந்தது. நடக்கவில்லை. அப்போதும் ஓடிக்கொண்டுதான் வந்தாள். பக்கத்தில் பிலோமினா டீச்சர். பாதி வழியில் நடந்து வந்துகொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் கூடவே சேர்ந்துகொண்டார், அறுபத்துமூன்று வயதில் மூச்சிரைக்க ஓடிவந்தார். டீச்சருக்குத் தோன்றியது. அவனுக்கும் தோன்றியது, போகவில்லை.

கோட்டைத் தாண்டியதும் அவள் நடைபாதை ஓரத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் தானே குனிந்து லேஸை அவிழ்த்தார். இடது ஷூ வர மறுத்தது, இழுத்ததும் அவள் வாயிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. வெள்ளை சாக்ஸின் முனை முழுக்கச் சிவப்பு. அதையும் கழற்றினார்கள். கட்டைவிரல் நகம் பாதி தூக்கிக்கொண்டு நின்றது, பக்கத்து விரல் கறுத்துப்போயிருந்தது. கூட்டம் மொத்தமும் உஸ் என்றது. யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். டீச்சர் ஷூவைக் கையில் தூக்கி அதன் நாக்கைப் புரட்டி நம்பரைப் பார்த்தார், அவள் பாதத்தோடு வைத்துப் பார்த்தார், பள்ளிக்கூடத்தில் காப்பியடித்த பரீட்சைத் தாளைப் பிடித்த மாதிரி நிமிர்ந்தார். "இந்த சைஸ யாரும்மா எடுத்தது? கடைக்காரன் கண்ணு தெரியாதவனா?" வெள்ளிங்கிரி வாயைத் திறந்தான். அதற்குள் சாந்தாமணி பேசினாள், தலையை நிமிர்த்தாமல், விரலைப் பார்த்துக்கொண்டே. "கடையில பெருசுதான் எடுக்கச் சொன்னாங்க டீச்சர். இவரும் அரை சைஸ் பெருசா எடுன்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்கலைங்க. இதுதான் பாக்கறதுக்கு நல்லா இருக்குதுன்னு எடுத்துட்டேன்."

தெரியும் அவளுக்கு. எப்போதிலிருந்து. ஓடும்போதா, ராத்திரியா, கடையில் அவன் முகத்தைப் பார்த்த அந்தக் கண்ணிமைப்பிலா. இத்தனை பேர் நடுவில் அவனைக் காப்பாற்றுகிறாள், கொஞ்சமும் யோசிக்காமல், வீட்டுக்கு யாராவது வந்தால் அவன் கிழிந்த பனியனை மறைத்துச் சட்டையை எடுத்து நீட்டுகிற மாதிரி. அந்தச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இத்தனை வருஷமும் போட்டுக்கொண்டதுதான். "இல்லைங்க டீச்சர்," என்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "நாந்தான் சின்னத எடுக்கச் சொன்னேன். பத்தாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்." பிறகு ஹரிஹரசுதன் சிரித்தான். "பாருங்க, பாருங்க, அக்காவ விட்டுக் குடுக்கறாரா பாருங்க! பழிய அவரே தூக்கிக்கறாரு." எல்லாரும் சிரித்தார்கள். "நெசமாத்தானுங்க," என்றான் வெள்ளிங்கிரி. இன்னும் சிரித்தார்கள். "சாந்தா, உனக்குக் குடுத்து வச்சிருக்குதும்மா," என்று டீச்சர் அவன் முழங்கையைத் தட்டிக் கொடுத்தார். யாரோ கை தட்டினார்கள். ஏழு மாதமாக அந்தக் கைதட்டலுக்கு அவன் ஏங்கியிருந்தான். சாந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை. அன்று காலையில் முதல் தடவையாக நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள்.

கூட்டம் காப்பிக்கு நகர்ந்ததும் எழுந்து, விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு ஸ்கூட்டர் நின்ற இடத்துக்கு நடந்தாள். அவன் அவளுடைய ஷூ இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனான். "வலிக்குதா?" "வலிக்குதுங்க." இதுவரை அவள் அப்படிச் சொன்னதில்லை, பரவாயில்லை என்பாள், சரியாப் போயிரும் என்பாள். "கடையிலயே தெரியுமா உனக்கு?" என்றான். "தெரியுமுங்க. போட்டு நாலு எட்டு வச்சதுமே தெரியும்." "அப்புறம் எதுக்கு வாங்கின?" அவள் நின்றாள். "அதேதானுங்க நானும் காலைல இருந்து ஓடிட்டே யோசிச்சுட்டு வர்றேன். நீங்க சொன்னீங்க, வாங்கிட்டேன். காலு இடிக்குதுன்னு எனக்குத் தெரியுது, இருந்தாலும் நீங்க சொன்னதத்தான் நம்பினேன். உங்க மேலகூட அவ்ளோ கோவம் இல்லைங்க. எம்மேலதான்." அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது, முதுகு, இருபத்தஞ்சு, எண்ணூறு மீட்டர், அந்தச் சிரிப்பு, ஆனால் ஸ்கூட்டர் சாவியைத்தான் வெளியே எடுத்தான். "குடுங்க," என்று கையை நீட்டினாள். கொடுத்தான். அவன் இருக்கும்போது அவள் வண்டி ஓட்டியதே இல்லை, அவனும் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. "வீட்டுக்குத்தான?" "ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு போட்டுட்டு, அப்புறம் கடைக்கு. அஞ்சரை வாங்கோணும்." "கடை பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க." "தொறக்கட்டும். வெளிய உக்காந்திருக்கலாம்." வண்டியைக் கிளப்பினாள். "அங்க வந்து நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க. நானே போட்டுப் பாத்து எடுத்துக்கறேன்." சரி என்றான். ஏறி உட்கார்ந்தான். "கெட்டியாப் புடிச்சுக்குங்க," என்றாள். அவள் தோளில் கை வைக்கலாமா, கூடாதா என்று தெரியாமல், மடியில் இருந்த ஷூ இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.